விண்டோஸ் நிறுவும்போது எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால் வட்டு போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி: ஏப்ரலில் மகன் பாலிடெக்னிக்கில் சேர்கிறான். அவனுக்காகக் கைமாறி வாங்கிய 12ஆம் தலைமுறை இன்டெல் மடிக்கணினியில் விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போடப் பார்த்தால், எந்த வட்டில் நிறுவுவது என்று கேட்கும் பக்கம் காலியாக இருக்கிறது. எஸ்எஸ்டி போய்விட்டது, சிம் லிம் ஸ்குவேரில் புதிது வாங்கிப் போடு என்கிறார் தெரிந்த ஒருவர். வீட்டு மேசைக்கணினியில் வேறொரு தொல்லை: புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டு நன்றாக ஓடியது, பழைய வட்டைக் கழற்றியதும் பூட் ஆக மறுக்கிறது. என்ன செய்வது?

பதில்: சிம் லிமுக்குக் கிளம்புவதற்கு முன் பயாஸை (விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும், கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) திறந்து பாருங்கள். இயக்கியதும் தட்டவேண்டிய விசை பெரும்பாலான மடிக்கணினிகளில் எஃப்2, எச்பியில் எஃப்10. அங்கே எஸ்எஸ்டியின் பெயரும் அளவும் தெரிந்தால் வட்டு உயிரோடுதான் இருக்கிறது. விண்டோஸ் நிறுவிக்குத்தான் அது கண்ணில் படவில்லை. பயாஸிலும் இல்லை என்றால் மட்டும் பின்மூடியைக் கழற்றி, எம்.2 பலகை (மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டி) சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காரணம் விஎம்டி, எஸ்எஸ்டிகளை நிர்வகிக்க இன்டெல் செயலியிலேயே உள்ள ஓர் அமைப்பு. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல மடிக்கணினிகளில் என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான எஸ்எஸ்டி வகை) இந்த விஎம்டி கட்டுப்பாட்டகத்துக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. அதை விண்டோஸுக்குக் காட்டித்தரும் மென்பொருளான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் விண்டோஸின் நிறுவல் யூஎஸ்பியில் கிடையாது. முன்பு ஓடிய விண்டோஸில் அதைத் தயாரிப்பாளரே போட்டுக் கொடுத்திருப்பார்.

வேறொரு கணினியில், மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலைத் தேடி, ஸ்டோரேஜ் பகுதியில் உள்ள ஆர்எஸ்டி அல்லது விஎம்டி டிரைவரை இறக்குங்கள். இன்டெல் தளத்திலிருந்து எடுப்பதானால் வரிசை எண்ணைப் பாருங்கள். 19ஆம் வரிசை 11 முதல் 13ஆம் தலைமுறை வரை பொருந்தும். பலர் சறுக்குவது இதற்கடுத்த படியில்தான். இறங்கிய இஎக்ஸ்இ கோப்பை அப்படியே யூஎஸ்பியில் போட்டால் நிறுவி அதைச் சீண்டாது. அதற்கு வேண்டியது உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் கோப்பு. இன்டெல் கோப்பாக இருந்தால் கட்டளைச் சாளரத்தில் ‘செட்அப்ஆர்எஸ்டி.இஎக்ஸ்இ -எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு ஒரு கோப்புறைப் பெயரையும் கொடுத்தால் எல்லாம் பிரிந்து வரும். (கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும்.) அதில் விஎம்டி என்ற கோப்புறையை முழுதாக நிறுவல் யூஎஸ்பிக்கு நகலெடுங்கள்.

பிறகு அந்தக் காலிப் பக்கத்தில் ‘லோட் டிரைவர்’ அழுத்தி, ‘பிரவுஸ்’ வழியாக அந்தக் கோப்புறையைக் காட்டுங்கள். பொருந்தாதவற்றை மறை என்ற பெட்டியில் டிக் அப்படியே இருக்கட்டும். உங்கள் 12ஆம் தலைமுறைக்கு, ‘ஆர்எஸ்டி விஎம்டி கன்ட்ரோலர்’ என்பதோடு 467எஃப் என்று முடியும் ஒரு வரி வரும். 11ஆம் தலைமுறையில் அதே இடத்தில் 9ஏ0பி. அதைத் தேர்ந்து ‘நெக்ஸ்ட்’ கொடுத்தால் சில நொடிகளில் எஸ்எஸ்டி பட்டியலில் வந்துவிடும். கையொப்பமிட்ட டிரைவர் இல்லை என்று சொன்னால், தவறான கோப்புறையைக் காட்டியிருக்கிறீர்கள் அல்லது டிரைவர் வேறு தலைமுறைக்கானது.

இணையத்தில் பாதிப் பேர் சொல்லும் குறுக்குவழி, பயாஸில் விஎம்டியை அணைப்பது. அதுவும் வேலை செய்யும். மைக்ரோசாஃப்டின் சொந்த என்விஎம்இ டிரைவரே வட்டைக் கண்டுபிடித்துவிடும். (ஏசரில் அந்த அமைப்பு ஒளிந்திருக்கும், ‘மெயின்’ பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் தோன்றும்.) ஒரே எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியில் விஎம்டியால் சொல்லிக்கொள்ளும்படி லாபமும் இல்லை. ஆனாலும் நான் டிரைவர் வழியையே சொல்வேன். என்றாவது பயாஸ் தொடக்க அமைப்புக்குத் திரும்பினால் விஎம்டி மறுபடி முளைத்துவிடும், விண்டோஸ் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ நீலத்திரையில் விழும். பையன் தேர்வு வாரத்தில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாமே. உபுண்டு லினக்ஸையும் சேர்த்துப் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் அணைத்துவிடுவது வசதி.

ஏற்கெனவே உள்ள விண்டோஸை வைத்துக்கொண்டு விஎம்டியை அணைத்தாலும் அதே நீலத்திரைதான். திரும்ப இயக்கினால் சரியாகிவிடும். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) போட்ட வட்டு என்றால் பயாஸில் எதைத் தொடும் முன்பும் 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்து வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும், ஆனால் முந்தைய உரிமையாளரின் கணக்கிலாக இருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் அந்தக் கவலை இல்லை.

மேசைக்கணினிக்கு வருவோம். இரண்டு வட்டு மாட்டியிருக்கும்போது, விண்டோஸை நீங்கள் புது எஸ்எஸ்டியில் போட்டாலும், பூட் கோப்புகளை நிறுவி பழைய வட்டில் ஏற்கெனவே இருந்த இஎஃப்ஐ பிரிவிலேயே (பூட் கோப்புகளுக்கென்றே உள்ள சிறு பகுதி) எழுதிவிடும். வீடு இங்கே, வாசல் சாவி அங்கே. நிறுவும்போதே பழைய வட்டின் கேபிளைக் கழற்றியிருந்தால் இந்த வம்பு இல்லை.

மறுபடி நிறுவத் தேவையில்லை. பழைய வட்டைத் திரும்ப மாட்டி விண்டோஸைத் திறங்கள். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் புது எஸ்எஸ்டியின் வரிசையில் இஎஃப்ஐ பிரிவு இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். சி பிரிவில் பிட்லாக்கர் ஓடினால் முதலில் நிறுத்தி வையுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு கட்டளைச் சாளரம் திறந்து ‘டிஸ்க்பார்ட்’, பிறகு ‘லிஸ்ட் டிஸ்க்’. புது எஸ்எஸ்டியின் வரியில் ஜிபிடி என்ற தலைப்பின் கீழே நட்சத்திரக் குறி இருக்கவேண்டும். இல்லை என்றால் அது எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த வட்டு, இந்தப் படிகள் செல்லாது. இருந்தால் வரிசையாக:

செலக்ட் வால்யூம் சி
ஷ்ரிங்க் டிசையர்ட்=300
கிரியேட் பார்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260
ஃபார்மாட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32
அசைன் லெட்டர்=எஸ்
எக்ஸிட்

ஃபார்மாட் கட்டளைக்கு முன் ஒருமுறை ‘லிஸ்ட் பார்டிஷன்’ தட்டி, நட்சத்திரம் புதிதாக உருவான 260 எம்பி பிரிவின் முன்னால்தான் நிற்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்பார்ட் ‘நிஜமாகவா?’ என்று இன்னொரு முறை கேட்காது. கடைசியாக:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

பூட் கோப்புகள் உருவாகிவிட்டன என்று ஒரு வரி வரும். கணினியை முழுதாக அணைத்து, பழைய வட்டைக் கழற்றி, பயாஸின் பூட் வரிசையில் புது எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள்.

மடிக்கணினியில் எஸ்எஸ்டி தெரிந்து நிறுவல் முடிந்தாலும், அடுத்த பக்கத்தில் வைஃபை பட்டியல் காலியாக இருக்கலாம். அதுவும் டிரைவர் குறைதான். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து ‘யூஎஸ்பி டெதரிங்’ போடுங்கள், தனி டிரைவர் இல்லாமலே இணையம் வந்துவிடும். ஐஃபோன் இங்கே கைகொடுக்காது, அதற்கு ஆப்பிளின் டிரைவர் முதலில் வேண்டும். ஐஃபோன் மட்டும்தான் கையில் என்றால் மடிக்கணினியை வரவேற்பறை ரூட்டருக்கு எடுத்துப்போய் லேன் கேபிளைச் சொருகுங்கள். டெஸ்க்டாப் வந்தபின் விண்டோஸ் அப்டேட்டில், விருப்பத் தேர்வுப் பகுதியில் உள்ள டிரைவர்களையும் இறக்கினால் பெரும்பாலும் வைஃபை தானாகவே வந்துவிடும்.