இயக்குநர் குழுவில் பெண்கள்: டெல்டாவிலிருந்து சில கேள்விகள்

தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் நெல் ஆலைகளுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் சட்ட ஆலோசனை சொல்லும் நிறுவனச் செயலர் (கம்பெனி செக்ரட்டரி), பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கும்பகோணம்: வணக்கம் மேடம். எங்களுடையது பிரைவேட் லிமிடெட் அரிசி ஆலை. பெண் இயக்குநர் கட்டாயமா?

இல்லை ஐயா. பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனங்களுக்கும், 100 கோடி ரூபாய் செலுத்தப்பட்ட மூலதனமோ (பங்குதாரர்கள் உண்மையில் செலுத்திய பணம்) 300 கோடி விற்றுமுதலோ எட்டிய பப்ளிக் லிமிடெட் நிறுவனங்களுக்கும்தான் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது.

திருவாரூர்: மனைவியின் பெயரைப் போட்டிருக்கிறோம். போதாதா?

கையெழுத்துக்கு மட்டும் என்றால் தயவுசெய்து வேண்டாம். இயக்குநருக்குரிய சட்டப் பொறுப்பு முழுவதும் அவர் தலையிலும் விழும். கணக்கைக் காட்டுங்கள், கருத்தைக் கேளுங்கள். பெரிய நிறுவனங்களுக்குக் குடும்பத்துப் பெண் போதாது என்றுதான், சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரல் முதலும், முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரல் முதலும் சுயேச்சையான, அதாவது உரிமையாளர் குடும்பத்தைச் சாராத, பெண் இயக்குநர் வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விதித்தது.

மன்னார்குடி: பெண்கள் தலைமைக்கு வந்தால் லாபம் கூடும் என்கிறார்களே, உண்மையா?

அப்படி உறுதி சொல்ல மாட்டேன். உயர் நிர்வாகத்தில் பெண்கள் அதிகமுள்ள நிறுவனங்கள் சராசரிக்கு மேல் லாபம் ஈட்டும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதல் என்று மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2020இல் எழுதியது. பல இனத்தவர் உயர் நிர்வாகத்தில் இருந்தாலும் லாபம் கூடும் என்று அதே நிறுவனம் சொன்னதை அமெரிக்கப் பெருநிறுவனங்களில் சோதித்த இரண்டு பேராசிரியர்களுக்கு 2024இல் அந்த முடிவு கிடைக்கவில்லை. நல்ல லாபத்தில் இருக்கும் நிறுவனம்தான் பெண்களைச் சேர்க்கிறதோ என்ற கேள்வியும் உண்டு.

நான் நம்புவது வேறொன்றை. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவானதை பொருளியல் ஆய்வாளர்கள் சட்டோபாத்யாயும் டுஃப்லோவும் 2004இல் காட்டினார்கள். தலைமை மாறினால் பேசுபொருள் மாறுகிறது. நம் ஊரில் களத்தில் நெல்லைப் பரப்பி, துழாவி, காயவைப்பவர்களில் பெண்களே அதிகம். கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. உலர்த்தும் இயந்திரம் வாங்கும் முடிவை மட்டும் அவர்கள் இல்லாத அறையில் எடுக்கிறோம். இது அநியாயம், வியாபாரத்துக்கும் நட்டம்.

நாகப்பட்டினம்: பட்டா கணவர் பெயரில் இருப்பதால் உழவர்களே உறுப்பினர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனத்தில் என்னைச் சேர்க்க மறுக்கிறார்கள் அம்மா.

சட்டம் பட்டா கேட்கவே இல்லை, சகோதரி. விளைபொருள் சார்ந்த எந்த வேலையில் ஈடுபட்டாலும் உற்பத்தியாளர்தான்; ஆடு, மாடு வளர்ப்பும் அதில் அடங்கும். நிறுவனத்தின் அமைப்பு விதிகளை வாங்கிப் பாருங்கள். பட்டா நிபந்தனை அங்கே இருந்தால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திருத்தம் முன்மொழியலாம். பொதுக்குழுவில் அது சிறப்புத் தீர்மானமாக, அதாவது பதிவான ஓட்டுகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு, நிறைவேற வேண்டும். உள்ளே இருக்கும் பெண்களை முதலில் திரட்டுங்கள். தனிநபர் உறுப்பினர்களுக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான் என்பது உங்களுக்குப் பெரும் பலம்.

மயிலாடுதுறை: இரண்டு பெண் இயக்குநர்கள் இருந்தும் கூட்டத்தில் பேசுவதில்லை.

நடவு நாளில் காலை 10 மணிக்குக் கூட்டம் வைத்தால் வரவே முடியாது, பிறகு எங்கே பேசுவது? மாலைக்கு மாற்றுங்கள். ஒரு வாரம் முன்பே, வரவு செலவு விவரத்தைத் தமிழில் அச்சிட்டு அழைப்போடு அனுப்புங்கள்.