வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: பெரியபட்டினத்தில் இருக்கிறோம். என் தம்பிக்கு 26 வயது, சங்கு குளிக்கிறான். மார்ஃபான் நோய் என்றும், இதயத்தை ஒட்டிய பெருந்தமனி 46 மில்லிமீட்டருக்கு வீங்கியிருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். எங்கள் அண்ணன் பெருந்தமனி கிழிந்துதான் இறந்தார். தம்பிக்கு வலியே இல்லை. இப்போதே அறுவை சிகிச்சை தேவையா?

பதில்: தேவை என்றே நினைக்கிறேன், சகோதரி. இந்த வீக்கம் பெரும்பாலும் வலிப்பதில்லை. நெஞ்சையோ முதுகையோ பிளப்பதுபோல் வலித்தால், தமனியின் சுவர் கிழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன் பிறகு வண்டி பிடித்து மதுரைக்கு ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரோடு விளையாட்டு.

சாதாரணமாக 55 மில்லிமீட்டர் வரை பொறுப்பார்கள். மார்ஃபானில் ரத்தக்குழாய்ச் சுவரின் நார்களே பலவீனம் என்பதால் 50. குடும்பத்தில் ஒருவருக்குக் கிழிந்திருந்தால் 45. தம்பி அந்த எல்லையைக் கடந்துவிட்டார். 675 மார்ஃபான் நோயாளிகளைப் பற்றி 1999இல் வெளியான ஆய்வில், திட்டமிட்டுச் செய்த அறுவையில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 1.5 சதவீதம், அவசரமாகச் செய்ததில் 11.7 சதவீதம்.

எந்த அறுவை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றில், வீங்கிய பகுதியோடு வால்வையும் எடுத்துவிட்டு, உலோக வால்வு பொருத்திய டாக்ரான் என்ற செயற்கை இழைக் குழாயைத் தைப்பார்கள். நெடுநாள் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும், ரத்தம் உறையும் அளவைப் பார்க்கும் பரிசோதனையும் ஆயுள் முழுக்க உண்டு. சங்கின் விளிம்பும் மீன் முள்ளும் கையைக் கிழிக்கும் தொழிலில் அது பெரும் தொல்லை. மற்றதில், தம்பியின் சொந்த வால்வையே அந்தக் குழாய்க்குள் வைத்துத் தைப்பார்கள். பெரும்பாலும் வார்ஃபரின் தேவைப்படாது. வால்வு நன்றாக இருந்தால் நான் இதைத்தான் விரும்புவேன். நுணுக்கமான வேலை, "இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது: சங்கு குளிப்பதை இன்றே நிறுத்த வேண்டும். மூச்சடக்கி முக்கும்போதும், கனத்த வலையை இழுக்கும்போதும் ரத்த அழுத்தம் எகிறும். அறுவைக்குப் பிறகும் மீதித் தமனி அதே பலவீனமான சுவர்தான். ஆண்டுதோறும் ஸ்கேனும் ரத்த அழுத்த மாத்திரையும் தொடரும். கரையில் சங்கு தரம் பிரிக்கும் வேலைக்கு அவர் மாறட்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகளை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். மருந்துக் கடையிலும் இதைச் சொல்லி வையுங்கள்.

இந்த நோய் பெற்றோர் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. நீங்களும் அண்ணனின் பிள்ளைகளும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். ஒரு கையால் மறு மணிக்கட்டை வளைத்துப் பிடித்தால் பெருவிரல் சுண்டுவிரலின் நகத்தை மூடுகிறதா என்றும் பாருங்கள். மூடினால் இன்னும் சீக்கிரம் போங்கள். மூடாவிட்டாலும் எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள்.