கருத்துக்கணிப்புகள் அமெரிக்கர்களின் மனமாற்றத்தை உண்மையில் காட்டுகின்றனவா?

காட்டுகின்றன, ஆனால் ஒரே கேள்வியைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கேட்டால்தான். கறுப்பினத்தவருக்கும் வெள்ளையினத்தவருக்கும் இடையிலான திருமணத்தை ஏற்கிறீர்களா என்று அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமான காலப் (Gallup) 1958-இல் கேட்டபோது, 4 விழுக்காட்டினரே ஏற்பதாகக் கூறினர். 2021-இல் அது 94 விழுக்காடாக உயர்ந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இடைப்பட்ட காலம்: அத்தகைய திருமணங்களைத் தடுத்த மாநிலச் சட்டங்கள் செல்லாதவை என உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்த மறு ஆண்டிலும் 20 விழுக்காட்டினரே ஏற்றனர் என்பதையும், 1990-களில்தான் ஆதரவு பாதியைத் தாண்டியது என்பதையும் பார்த்தால், மக்கள் மனம் தீர்ப்பை எட்ட ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது தெளிவாகிறது. கூட்டாட்சி அரசின் மீதான நம்பிக்கையோ எதிர்த்திசையில் சென்றது. 1958-இல் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரிடம் இருந்த அந்த நம்பிக்கை, வியட்நாம் போர், அதிபர் நிக்சனைப் பதவி விலகச் செய்த வாட்டர்கேட் ஊழல் ஆகியவற்றினூடே சரிந்து, அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடமே காணப்படுகிறது.