தினமும் நீந்துகிறோம், பிறகும் ஏன் இந்த மூச்சுத் திணறல்? மதுரை நீச்சல்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மதுரைக் குளங்களில் காலைப் பிரிவுக்குத் தவறாமல் வருகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நீச்சல் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கேள்விகள் பலவிதமாக இருந்தாலும் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரே சிக்கல்தான் கிடக்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு கைகால்களை எவ்வளவு வேகமாக அடித்தாலும், அந்த உழைப்பில் பெரும்பகுதி தண்ணீரைக் கலக்குவதிலேயே தீர்ந்துவிடும். தடையைக் குறைப்பது முதல் வேலை, பலத்தைக் கூட்டுவது அதற்குப் பிறகு.

கே.கே. நகரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: மாஸ்டர், எனக்கு 63 வயது. அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலை வரை மலைப்பாதையில் நிற்காமல் நடந்து ஏறுகிறேன். ஆனால் ஃப்ரீஸ்டைலில் 25 மீட்டர் குளத்தை இரண்டு முறை கடப்பதற்குள் மூச்சு முட்டுகிறது. வயதுதான் காரணமா?

ஐயா, அந்த மலைப்பாதையில் ஏற முடிகிறவருக்கு 50 மீட்டர் நீந்துவதற்கான தெம்பு கட்டாயம் இருக்கிறது. நெஞ்சில் வலியோ அழுத்தமோ தெரிந்தால் மட்டும் நீச்சலை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது இல்லையென்றால், நீங்கள் மூச்சை எப்போது வெளியே விடுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, தலையைத் திருப்பிய பிறகு அந்த அரை நொடிக்குள் பழைய காற்றை வெளியே விட்டுப் புதுக் காற்றை உள்ளே இழுக்கப் பார்க்கிறோம். இரண்டும் அரைகுறையாக முடியும். நுரையீரலில் கரியமில வாயு தேங்கும். மூச்சு முட்டும் உணர்வு பெரும்பாலும் இந்தத் தேக்கத்தால் வருவது. உடம்பில் ஆக்ஸிஜன் போதிய அளவு இருக்கும்போதே மூளை அபாயமணி அடிக்கத் தொடங்கிவிடும். உடனே பதற்றம் வருகிறது, பதற்றத்தில் கை வேகமாகிறது, தலை தூக்குகிறது, கால் தாழ்கிறது, மேலும் மூச்சு வாங்குகிறது.

நாளைக் காலை நீந்துவதற்கு முன் ஐந்து நிமிடம் சுவரைப் பிடித்து நில்லுங்கள். முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூன்று நான்கு நொடிகளுக்குச் சீராகக் குமிழிகள் விடுங்கள். கடைசிக் குமிழி போகும்போதே தலையைப் பக்கவாட்டில் திருப்பி, வாயால் சட்டென்று இழுத்து, மறுபடி முகத்தை உள்ளே வையுங்கள். அவசரமே இல்லாமல் செய்ய முடிகிறவரை இதையே செய்யுங்கள். அதன் பிறகு ஒரே ஒரு 25 மீட்டர். மறுமுனையில் மூச்சு அமைதியாகும்வரை நின்றுவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். நிற்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

அவரே மீண்டும்: மூக்கால் விடுவதா, வாயால் விடுவதா?

இரண்டாலும் விடலாம். மூக்கு வழியாகக் கொஞ்சமாவது காற்று வெளியேறிக்கொண்டே இருந்தால் தண்ணீர் மூக்கில் ஏறாது. இழுப்பது மட்டும் எப்போதும் வாயால்.

சோழவந்தான் விவசாயி: அண்ணா, நாங்கள் சிறு வயதில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் பழகியவர்கள். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்தால் எதிர்நீச்சல் போடுவோம். இப்போது மகனை மதுரையில் நீச்சல் குளத்தில் சேர்க்கப் போனால், தலையைத் தூக்கி நீந்தும் எங்கள் முறையே தவறு என்கிறார்கள். அத்தனை தலைமுறையும் தவறாகவா நீந்தியது?

இல்லை. இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன். கிணற்றிலும் கால்வாயிலும் தலை தூக்கி நீந்துவது அறிவுள்ள பழக்கம். பாறை எங்கே, படிக்கட்டு எங்கே, மேலிருந்து எவன் குதிக்கிறான், பாம்பு வருகிறதா, கரை எவ்வளவு தூரம் என்று கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய இடம் அது. நீரில் தத்தளிப்பவரை மீட்கப் போகிறவரும் தலை தூக்கித்தான் நீந்துவார். வாட்டர் போலோ ஆட்டக்காரர்களும் அப்படித்தான். 1922ல் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை உலகிலேயே முதன்முதலாக ஒரு நிமிடத்துக்குள் நீந்திய ஜானி வைஸ்முல்லர்கூடத் தலையை உயர்த்தி நீந்தியவர்தான். உங்கள் மகனுக்கு அந்தக் கிணற்றுத் தைரியத்தைக் கட்டாயம் கொடுங்கள். குளத்தில் மட்டுமே பழகிய பிள்ளைகள் பலருக்கு, கலங்கிய நீரில் கால் தட்டாமல் போனாலே நடுக்கம் வந்துவிடுகிறது.

ஆனால் அந்த முறைக்கு ஒரு விலை உண்டு. மிதக்கும் மனித உடம்பு ஒரு தராசு. காற்று நிறைந்த நெஞ்சுதான் அதன் நடுமுள். ஒரு பக்கம் தலை, மறு பக்கம் இடுப்பும் கால்களும். தலையை நீருக்கு மேலே தூக்கினால் இடுப்பு கீழே போகும். கிணற்றில் அகலம் முழுவதும் நீந்தினாலும் சில கை வீச்சுகளில் முடிந்துவிடுவதால் இது பெரிதாகத் தெரியாது. குளத்தில் 20 முறை, 30 முறை போய் வரும்போது, தாழ்ந்த கால்களை ஒவ்வொரு மீட்டருக்கும் இழுத்துக்கொண்டு போகிறோம். கழுத்தும் வலிக்கும். மகனுக்கு இரண்டும் தெரியட்டும், எந்த இடத்துக்கு எது என்பதும் தெரியட்டும்.

தல்லாகுளம் கல்லூரி மாணவர்: ஜிம்முக்குப் போகிறேன், நல்ல உடம்பு. ஆனால் கால்கள் மூழ்கிக்கொண்டே இருக்கின்றன. எவ்வளவு வேகமாக உதைத்தாலும் மேலே வருவதில்லை. கால் பயிற்சியைக் கூட்ட வேண்டுமா?

தம்பி, குறைக்க வேண்டும். தொடையும் பின்புறமும் உடம்பின் மிகப் பெரிய தசைகள். அவற்றை வெறித்தனமாக இயக்கினால் ஆக்ஸிஜன் அங்கேயே தீரும். ஃப்ரீஸ்டைலில் நம்மை முன்னே செலுத்துவது பெரும்பாலும் கைகள்தாம்.

முதலில் பார்வையை எதிர்ச் சுவரிலிருந்து எடுத்துக் குளத்தின் தரைக்குக் கொண்டுவா. நெஞ்சைச் சற்றே தண்ணீருக்குள் அழுத்து. தானாக இடுப்பு எழும். அடுத்தது முழங்கால். சைக்கிள் மிதிப்பது போல் முழங்காலை மடக்கி உதைப்பவர்கள் நம் குளங்களில் மிக அதிகம். அப்படி மடக்கும்போது தொடை தண்ணீருக்கு எதிரே சுவராக நின்று, முன்னேறுவதைத் தடுக்கிறது. உதை இடுப்பிலிருந்து வர வேண்டும், முழங்கால் லேசாகத் தளர்ந்திருந்தால் போதும். பாத விரல்கள் பின்னோக்கி நீண்டிருக்க வேண்டும். ஓட்டக்காரர்களுக்கும் கனமான எடை தூக்குகிறவர்களுக்கும் பெரும்பாலும் கணுக்கால் இறுகியிருக்கும். அதனால் பாதம் கொக்கி போல் தொங்கி, உதைக்க உதைக்கப் பின்னால் போகிறவர்களைக்கூட நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்கார்ந்து பழகு. சில வாரங்களில் தளரும்.

பலம்தான் எல்லாம் என்றால், ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994ல், 12 வயதில், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்திருக்க முடியாது. அந்த வயதுப் பையனின் தோளில் உன்னுடையதில் பாதிச் சதைகூட இருந்திருக்காது.

மாட்டுத்தாவணி பக்கம் கடை வைத்திருப்பவர்: ஆறு மாதமாக இடது தோள் வலிக்கிறது. நான் மூச்சு எடுப்பது வலது பக்கம்தான், இடது பக்கமே திரும்புவதில்லை. அப்படியிருக்க இடது தோள் ஏன் வலிக்க வேண்டும்?

வலது பக்கம் மட்டுமே திரும்புவதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். வலப்புறம் தலையைத் திருப்பும் நேரத்தில் உங்கள் இடது கை முன்னே நீண்டிருக்கிறது. தலையைத் திருப்பாமல் தூக்குகிறவர்கள் அந்த இடது கையைத் தண்ணீரில் ஊன்றுகோலாக அழுத்தி எழும்புவார்கள். ஒரு காலையில் நூற்றுக்கணக்கான முறை இது நடக்கிறது. அதோடு, கை தண்ணீரில் நுழையும்போது மூக்குக்கு நேரே, அல்லது அதையும் தாண்டி எதிர்ப்பக்கம் நுழைந்தால் தோள் மூட்டு நசுங்கும். கட்டை விரலை முதலில் குத்துவதும் கெடுதல்.

கை தோளுக்கு நேரே, விரல் நுனிகள் முதலில் நுழையட்டும். தலையை உடம்போடு சேர்த்து உருட்டுங்கள். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், வாயின் ஓரம் மட்டும் வெளியே வந்தால் போதும். சுற்றுக்கு ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றி மூச்சு எடுத்துப் பழகுங்கள். முதல் இரண்டு வாரம் இடது பக்கம் தண்ணீர் குடிப்பீர்கள், அது கடந்துபோகும். இரவில் படுத்தால் வலி எழுப்புகிறது, கை உயர மறுக்கிறது என்றால் திருத்தங்களை ஒத்திவைத்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒருவர், ஊர் குறிப்பிடவில்லை: உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் தட்டையான பேடில் வாங்கினால் கை இழுப்பு மேம்படும் என்கிறார்களே?

இழுப்பு சரியாக இருப்பவருக்கு மேம்படும். முழங்கை தொங்கியபடி தண்ணீரைக் கீழே அழுத்துகிறவருக்கு அந்தத் தவறும் தோள் வலியும் சேர்ந்து வளரும். அதற்குப் பதில், முஷ்டியை மூடிக்கொண்டு 25 மீட்டர் நீந்துங்கள். முன்கை முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டிய கட்டாயம் வந்துவிடும். பிறகு விரல்களைத் திறக்கும்போது தண்ணீர் கையில் அகப்படுவது தெரியும். செலவும் இல்லை.

திருநகர் இல்லத்தரசி: பெண்களுக்கான நேரத்தில் போகிறேன். தவளை நீச்சல் மட்டும்தான். தலைமுடி நனையக் கூடாது என்பதால் முகத்தை வெளியே வைத்தே நீந்துவேன். சில மாதமாகக் கழுத்தும் முழங்காலின் உட்பக்கமும் வலிக்கின்றன.

அம்மா, வலிக்கும் இடம் இரண்டையும் நீங்களே துல்லியமாகச் சொல்லிவிட்டீர்கள். கழுத்து வலி, முகத்தை வெளியே வைத்திருப்பதால். முழங்கால் வலி, உதைக்கும்போது முழங்கால்களை அளவுக்கு மீறி விரிப்பதால். முழங்கால்கள் இடுப்பின் அகலத்தைவிடச் சற்று மட்டுமே விரியட்டும். குதிகால்களைப் பின்புறம் நோக்கி இழுத்து, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, வட்டமாகத் தள்ளி ஒன்று சேருங்கள். வலி அடங்கும்வரை மெதுவாகவே உதையுங்கள்.

இந்த நீச்சலில் பெரும்பாலோர் தவறவிடுவது நழுவல். உதை முடிந்து கால்கள் சேர்ந்ததும் கைகளை முன்னே நீட்டி, முகத்தைத் தண்ணீரில் வைத்து, ஒன்று இரண்டு எண்ணும்வரை எதுவும் செய்யாமல் போங்கள். நாம் ஓய்வெடுத்துக்கொண்டே முன்னேறும் நேரம் அது. அந்த நேரத்தையும் அடுத்த இழுப்பால் கெடுத்துவிடுகிறோம்.

முடியைப் பற்றிய கவலை நியாயமானது. குளத்தில் இறங்குமுன் நல்ல தண்ணீரில் முடியை முழுவதும் நனைத்து, பிறகு தொப்பி போடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும்.

புதூரிலிருந்து: சரியாக நீந்தினால் உழைப்பு குறையும் என்கிறீர்கள். நான் உடல் எடை குறைக்கத்தானே வருகிறேன்? தப்பும் தவறுமாக நீந்தினால் அதிகக் கலோரி செலவாகுமே, எனக்கு அது லாபம்தானே?

நல்ல கேள்வி, பலர் மனதில் இருப்பதும்கூட. ஒரு 25 மீட்டருக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் தவறாக நீந்துகிறவர் நான்கு முறை போய் வந்து, பத்து நிமிடம் சுவரைப் பிடித்து நின்று, பேசிவிட்டு, கிளம்பிவிடுகிறார். சரியாக நீந்துகிறவர் அரை மணி நேரம் தொடர்ந்து நீந்துகிறார். இன்னொன்றும் இருக்கிறது: தண்ணீரின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு, அதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்கு. ஆகவே நுட்பம் கைவந்த பிறகும் உழைப்பதற்குத் தண்ணீரில் இடம் இருந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் வேகத்தைக் கூட்டினால் போதும். அந்த உழைப்பு தசைக்குப் போகும். தவறான நீச்சலின் உழைப்பு மூட்டுக்குப் போகிறது.

ஒரு மாணவர்: நண்பர்களோடு மூச்சடக்கிப் போட்டி வைக்கிறோம். முங்கு நீச்சலில் முழுக் குளத்தையும் கடக்க என்ன வழி? முதலில் வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டால் அதிக தூரம் போக முடிகிறது.

தம்பி, இதைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். வேகமாக மூச்சு இழுத்துவிடும்போது ஆக்ஸிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, கரியமில வாயுதான் குறைகிறது. முதல் பதிலில் சொன்ன அந்த அபாயமணி அடிக்காமல் போய்விடும். மூச்சு வேண்டும் என்ற உணர்வே வராமல், தண்ணீருக்கு அடியில் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள், இடுப்பளவு தண்ணீரிலும்கூட. மேலே இருப்பவர்களுக்கு, அவன் இன்னும் போட்டியில்தான் இருக்கிறான் என்று தோன்றும். கிணற்றில் இது இன்னும் கொடியது. நண்பர்களிடமும் சொல்லுங்கள்.

ரேஸ்கோர்ஸ் பக்கத்திலிருந்து, பல ஆண்டுகளாக நீந்துபவர்: தினமும் 40 முறை குளத்தைக் கடக்கிறேன். ஒரு நாளும் விடுவதில்லை. ஆனால் எடுத்துக்கொள்ளும் நேரம் தொடங்கிய வருடம் எவ்வளவோ, இன்றும் அவ்வளவுதான். என்னதான் செய்வது?

உங்கள் விடாமுயற்சியின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனாலேயே நேராகச் சொல்கிறேன். ஒரே வேகத்தில், ஒரே முறையில், களைத்த உடம்போடு தினமும் 40 முறை போகும்போது பழைய தவறுகளுக்குத்தான் நீங்கள் பயிற்சி கொடுக்கிறீர்கள். பத்தாவது சுற்றுக்குப் பிறகு கை வீச்சு குறுகும், தலை தூக்கும், அதுவே பழக்கமாக உறைந்துவிடும்.

ஒரு மாதத்துக்கு அந்த 40ஐ மறந்துவிடுங்கள். நாளை போனதும் 25 மீட்டருக்கு எத்தனை கை வீச்சு என்று எண்ணுங்கள். இரு கைகளையும் சேர்த்து எண்ண வேண்டும். 28, 30 என்று வந்தால் உங்கள் கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது. உயரத்தைப் பொறுத்து மாறுமென்றாலும், நன்றாக நீந்துகிறவர் 15 முதல் 20க்குள் முடித்துவிடுவார். ஆனால் எண்ணிக்கையை மட்டும் குறைப்பதற்காகக் கையை முன்னே நீட்டி நின்றுவிடக் கூடாது. வேகம் செத்துப்போகும். அதனால் கை வீச்சையும் நொடிகளையும் கூட்டி ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். 26 வீச்சு, 30 நொடி என்றால் 56. அந்தக் கூட்டுத்தொகை இறங்க வேண்டும்.

பாதி நேரம் பயிற்சிக்கு. ஒரு கை முன்னே நீண்டிருக்க, பக்கவாட்டில் படுத்து உதைத்துப் போவது. முன்னே நீண்டிருக்கும் கையை மறுகை வந்து தொடும்வரை காத்திருந்து இழுப்பது. மூடிய முஷ்டி. ஒரு நாளைக்கு ஒரே ஒரு திருத்தம்தான், இரண்டை மனதில் வைத்தால் இரண்டும் போகும். மீதி நேரத்தில் 25 மீட்டர்களாக, இடையில் 20, 30 நொடி ஓய்வோடு நீந்துங்கள். கூட்டுத்தொகை ஏறத் தொடங்கியதும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், இன்னும் தெம்பு இருந்தாலும் சரி.

கோடை முகாம் நேரத்தில் குளம் பிள்ளைகளால் நிறைந்து, நேர்கோட்டில் நீந்தவே இடம் இருக்காது. அப்போது சுவரோரமாக மூச்சுப் பயிற்சியையும் பக்கவாட்டு உதையையும் செய்யலாம்.

முடிந்தால் நண்பர் ஒருவரை ஒரே ஒரு சுற்றுக்குக் கரையில் நடந்தபடி பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். குளத்துப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டு, பெண்களும் பிள்ளைகளும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். படத்தை மெதுவாக ஓட்டி, மூச்சு எடுக்கும் நொடியில் நிறுத்தி, இடுப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். நீர்மட்டத்துக்கு அருகில் இல்லையென்றால் தலையில் தொடங்குங்கள். அருகில்தான் இருக்கிறது என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது முழங்கை.