கேட்டது நீங்கள்: முதல் சமையல் கத்தி

கழித்த லொறி ஸ்பிரிங் பட்டை ஒன்று கிடைத்திருக்கிறது. வீட்டில் தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தியும் (தேயிலைச் செடி வெட்டும் வளைந்த கத்தி) இருக்கிறது. முதல் கத்திக்கு எது தோது?
*(ஹட்டன் வாசகர்)*

ஸ்பிரிங் பட்டை நல்ல உருக்குத்தான். ஆனால் 6 மி.மீ.க்குக் குறையாத தடிப்பு. சமையல் கத்தியின் முதுகுக்கு 2 முதல் 2.5 மி.மீ. போதும். உலையில் அடித்து மெலிக்கக் கொல்லர் துணை இல்லாவிட்டால் கிரைண்டர் தட்டுகளுக்கே உங்கள் காசு போய்விடும். மரம் அரியும் ஆலையில் கழித்த வட்டவாள் தகடு கேட்டுப் பாருங்கள். பல்லில் தனித்துண்டு ஒட்டாத பழைய வகையாக இருக்கட்டும்.

எந்தத் தகடானாலும் விரல் அளவு துண்டு வெட்டி, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, குறட்டில் பிடித்துச் சுத்தியலால் தட்டுங்கள். கண்ணாடிபோல் முறிந்து, முறிந்த இடம் நுண்ணிய சாம்பல் நிறமாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். வளைந்தால் அது வெறும் இரும்பு. எத்தனை முறை தோய்த்தாலும் பதம், அதாவது கடினம், ஏறாது. தட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

கவ்வாத்துக் கத்திக்கு ஏற்கெனவே பதம் இருக்கிறது. உலையே வேண்டாம், வெட்டித் தேய்த்தாலே போதும். வளைந்த அலகில் சின்னப் பழக்கத்திதான் தேறும் என்றாலும், தொடக்கத்துக்கு இதைத்தான் சொல்வோம். வெறுங்கையால் பிடித்துத் தேயுங்கள். கைக்குச் சூடு தெரிந்தவுடன் தண்ணீரில் முக்குங்கள். விளிம்பில் நீலம் ஓடிவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. நீலம் ஓடிய பகுதி முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டியதுதான்.

வாள் தகட்டில் கத்தி வெட்டி, சிவக்கக் காய்ச்சித் தேங்காய் எண்ணெயில் தோய்த்தேன். அரம் இன்னும் பிடிக்கிறது. அலகும் வளைந்துவிட்டது. எங்கே பிசகு?
*(நுவரெலியா வாசகர்)*

முதலில் எண்ணெயைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். உங்கள் ஊரில் போத்தலுக்குள்ளேயே கட்டியாகிவிடும். உறைந்ததும் கூழானதும் அலகைச் சுற்றி ஓடாது, சூட்டை வேகமாக இழுக்காது. 50 – 60 பாகைக்குச் சூடாக்கினால் இளகி ஓடும், அப்போதுதான் உருக்கு இறுகும். உயரமான தகரத்தில் 3 லீற்றராவது வேண்டும். மூடியைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். தீப்பிடித்தால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்த வேலையெல்லாம் வெளியே, லயத்துக் கூரைக்குத் தள்ளி.

அடுத்தது சூடு. வெயிலில் சிவப்பு மங்கித் தெரியும், இருட்டில் கொஞ்சச் சூடே பிரகாசமாகத் தெரியும். கண்ணை நம்பாமல் காந்தத்தை நம்புங்கள். 770 பாகையை ஒட்டி உருக்கு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்தும். அதற்குப் பிறகு ஒரு சாயல் கூடுதலாகச் சிவந்ததும் தோய்க்கலாம். வெள்ளையாகும்வரை விட்டால் உருக்குக்குள் இருக்கும் நுண்மணிகள் பெருத்து, பிறகு சும்மா விழுந்தாலே உடையும்.

இன்னொன்று: தோய்த்த அலகின் மேல்தோல் பெரும்பாலும் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும். அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்துப் பாருங்கள். அடியில் வழுக்கினால் பதம் ஏறியிருக்கிறது.

வளைவுக்குக் காரணம் பெரும்பாலும் விளிம்புதான். தோய்க்கும்முன் கூராக்கிவிட்டிருப்பீர்கள். விளிம்பில் 1 மி.மீ. தடிப்பு விட வேண்டும், இரு பக்கமும் ஒரே அளவாகத் தேய்த்திருக்க வேண்டும். முனை கீழாக நேராக இறக்குங்கள். பக்கவாட்டில் அலசக் கூடாது.

உங்கள் கத்தி பிழைக்கும். காந்தம் விடும்வரை காய்ச்சி, காற்றில் ஆறவிடுங்கள். இதை மூன்று முறை செய்து, இளகிய நிலையிலேயே நிமிர்த்தி, மறுபடி தோய்க்கலாம். தோய்த்த கையோடு 200 பாகையில் ஒரு மணிநேரம், ஆறவிட்டு இன்னொரு மணிநேரம் அவணில் வையுங்கள். நாளைக்கு என்று விட்டால் விரிசல் விடலாம். அவணின் திருகு காட்டும் எண் சரியாக இருப்பது அபூர்வம். தனி வெப்பமானி ஒன்று உள்ளே வைப்பது நல்லது. தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் வந்தால் சரி.

பிடிக்குக் கொய்யா மரம் ஆகுமா? மூடுபனிக் காலத்தில் துருவுக்கு என்ன செய்வது?
*(பண்டாரவளை வாசகர்)*

கொய்யா அருமை, பலாவும் ஆகும். வெட்டி மாதக்கணக்கில் நிழலில் காய்ந்த கட்டையாக இருக்கட்டும். பச்சைக் கட்டை பிறகு சுருங்கி, தகடு வெளியே துருத்தும். ஆணித் துளைகளைத் தோய்க்கும்முன்னே போட்டுவிடுங்கள். பதம் ஏறிய உருக்கில் சாதாரணத் துளைக்கும் ஊசி தேயுமே தவிர இறங்காது. அரால்டைட் பூசி 5 மி.மீ. பித்தளைக் கம்பி இரண்டை அடித்து இறுக்கலாம். குளிரில் பசை மெதுவாகவே இறுகும், இரண்டு நாள் கிளாம்பில் விடுங்கள்.

துருவுக்கு ஒரே வழி, வெட்டியதும் கழுவித் துடைத்து, துளி எண்ணெய் தடவுவது. தேசிக்காய் வெட்டினால் அலகு கறுக்கும். அந்தக் கறுப்பு துரு அல்ல, துருவைத் தடுக்கும் படலம், தேய்த்து எடுக்காதீர்கள். செம்மஞ்சளாக வருவதை மட்டும் உடனே எடுங்கள்.