பொன் வாத்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

டென்மார்க் பயணக் குறிப்பில் வோர்டிங்போர்க் என்ற ஊரை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்களின் நாட்டைப் பார்க்க மே மாதம் குடும்பத்தோடு போகிறோம். கோபன்ஹேகனில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. அதை அந்த ஊரின் இடிந்த கோட்டைக்குக் கொடுக்கலாமா, குரோன்போர்க் அரண்மனை போதுமா?

க., மயிலாடுதுறை

அன்புள்ள க.,

ஒரே வரியில் கடந்தது என் சோம்பல்தான். மண்டபமும் அலங்காரமும் வேண்டுமென்றால் குரோன்போர்க். என்னைக் கேட்டால் வோர்டிங்போர்க் போங்கள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 'போர்க்' என்றால் கோட்டை. உங்கள் தரங்கம்பாடிக் கோட்டையின் பெயரான டான்ஸ்போர்க்கிலும் அதே சொல்தான்.

கடைத்தெரு முடிகிற இடத்தில் புல்மேடு. புல்லுக்குள் அங்கங்கே சுவர் மிச்சங்கள். இடித்தது எதிரிகள் அல்ல. 17-ஆம் நூற்றாண்டில் பழைய கோட்டையைக் கலைத்துவிட்டு இளவரசர் ஒருவருக்கு அரண்மனை கட்டினார்கள், அதுவும் நிற்கவில்லை. 1241 மார்ச்சில் டென்மார்க் ராஜா இரண்டாம் வால்டமார், ஜட்லாந்துப் பகுதிக்கான சட்டத்தொகுப்பான ஜட்லாந்துச் சட்டத்தை வெளியிட்டது இங்கேதான். அதே மாதம் இங்கேயே இறந்தும் போனார்.

முழுதாக நிற்பது வாத்துக் கோபுரம் ஒன்றுதான். செங்கல் கட்டு; சுவரின் கனம் மூன்றரை மீட்டர். உச்சியில் பொன் வாத்து. (சரியாகச் சொன்னால் 'கூஸ்'. அதற்கு நம்மிடம் புழங்கும் தனிச்சொல் இல்லை.) 1368-இல் ஹான்சா என்ற கூட்டணியில் சேர்ந்திருந்த வட ஜெர்மன் வணிக நகரங்கள் டென்மார்க் மீது போர் அறிவித்தபோது, ராஜா நான்காம் வால்டமார், "இவர்கள் வெறும் வாத்துக்கூட்டம்" என்று கிண்டலடித்து அதை ஏற்றி வைத்தாராம். கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதே ஆண்டு ராஜா நாட்டை விட்டே கிளம்பிவிட்டார். 1370-இல் ஸ்ட்ரால்சுண்ட் உடன்படிக்கையில் ஸ்கோனே (இன்றைய தெற்கு ஸ்வீடன்) கரையின் நான்கு கோட்டைகள் 15 ஆண்டுகளுக்கு அந்த வாத்துகளிடமே போயின. எனக்குப் பிடித்தது இதுதான்: தோற்றவருடைய கேலி மட்டும் கோபுர உச்சியில் மினுங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது இருப்பது அந்தக் காலத்து வாத்து இல்லை, அதுவும் சரிதான்.

அப்புறம் ஒன்று. கோபுரத்துக்குள் ஏறினால் கடல் தெரியும், வாத்து தெரியாது. அது தலைக்கு மேல் இருக்கிறது. இறங்கி வந்து, புல்மேட்டின் மறுகோடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். மே மாதம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நான் அப்படிப் போய் நடுங்கியவன்.