மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்

(மதுரையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் விடுதிக் காப்பாளராக நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்றவர், பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: என் மகள் மதுரையில் விடுதியில் தங்கி முதலாண்டு படிக்கிறாள். குளித்தால் உடம்பு அரிக்கிறது, குடிக்கிற தண்ணீரில் பாசி வாடை அடிக்கிறது என்கிறாள். அலுவலகத்தில் கேட்டால், "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்பதே பதில். என்ன செய்வது?
– ஒரு தந்தை, உசிலம்பட்டி

அரிப்பு ஒரு புகார், பாசி வாடை வேறொரு புகார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இரண்டும் கிடப்பில் போய்விடும்.

குளிக்கிற தண்ணீர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். நம் ஊர்ப்பக்கம் அது உப்பாக இருப்பது புதிதல்ல. குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் அதுதான் சாட்சி. சோப்பு நுரைக்காது, தோல் வறளும். குளித்ததும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். தடிப்பும் புண்ணுமாக இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாவற்றையும் தண்ணீர் தலையில் கட்ட வேண்டாம்.

பாசி வாடை தொட்டியின் குற்றம். அடுத்த முறை போகும்போது வரவேற்பறை சோபாவில் உட்காராதீர்கள். அனுமதி கேட்டு மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். மூடி உடைந்த தொட்டியின் மேல் ஒரு தகரத்தைப் போட்டு, அது பறக்காமலிருக்கச் செங்கல்லை வைத்திருப்பார்கள். இடுக்கு வழியாக வெயில் விழுகிறதா? பாசி பிடிக்கும். புறா இறகு மிதந்தாலும் ஆச்சரியமில்லை. தொட்டியின் பக்கவாட்டில் கழுவிய தேதியைப் புதுப் பெயின்டில் பளிச்சென்று எழுதியிருப்பார்கள். அதை நம்பாதீர்கள், ஏணியைப் பாருங்கள். படிக்குப் படி ஒட்டடை இருந்தால் அண்மையில் யாரும் ஏறவில்லை என்று அர்த்தம். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தரைக்கடியில் இருக்கும் தொட்டியையும் சேர்த்து. பல இடங்களில் மேலே உள்ளதை மட்டும் கழுவிவிட்டு, அழுக்குத் தொட்டியிலிருந்தே மறுபடியும் நிரப்புகிறார்கள்.

குடிநீருக்கு ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது என்பார்கள். கடைசியாக ஃபில்டர் மாற்றிய தேதியைக் கேளுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால், ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். குளோரின் கலந்த நீரில், குழாய் முனையில் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். "எல்லாம் சரி" என்ற பதில் அதற்குப் பிறகு வராது.

கேள்வி: விடுமுறைக்கு வந்த என் மகனோடு, அவன் பையில் மூட்டைப்பூச்சியும் வந்துவிட்டது. அவனோ "யாரிடமும் சொல்லாதீர்கள் அம்மா" என்கிறான்.
– ஒரு தாய், மேலூர்

சொல்லாமல் விட்டால் அது ஊரெல்லாம் பரவும். மூட்டைப்பூச்சி அழுக்குக்கு அடையாளம் அல்ல, துடைத்து வைத்த வீட்டுக்கும் பெட்டியில் ஏறி வரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துணிகளை நல்ல வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். பையைத் தையல் தையலாகப் பிரித்துப் பாருங்கள்.

விடுதியில் எங்கே ஒளிந்திருக்கும் என்று நான் சொல்கிறேன். இரும்புக் கட்டிலின் குழாய் முனையில் ரப்பர் மூடி கழன்று போயிருக்கும், அந்த ஓட்டைக்குள். போல்ட் இறுகும் மூட்டில். பலகையின் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவது அதன் கழிவு. நிர்வாகம் ஆள் வைத்து மருந்து அடிக்கும். நடமாடுகிற பூச்சி சாகும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. வாரம் பத்து நாளில் அது பொரித்துவிடும். அதனால் இரண்டு வாரம் கழித்து இரண்டாம் முறை அடித்தே ஆக வேண்டும். அதுவும் ஓர் அறைக்கு மட்டுமல்ல, அந்த மாடி முழுக்க ஒரே நாளில். ஒப்பந்தம் பேசும்போது செலவைக் குறைக்க அந்த இரண்டாம் முறையைத்தான் வெட்டுவார்கள். நீங்கள் எழுதுகிற கடிதத்தில் "இரண்டாம் முறை எந்தத் தேதியில்?" என்ற ஒரு வரி போதும்.

கேள்வி: கல்லூரி விடுதியில் இடம் கிடைக்கவில்லை. மகளைத் தனியார் மகளிர் விடுதியில் சேர்க்கப் போகிறோம். எதைப் பார்த்து முடிவு செய்வது?
– ஓர் ஆசிரியை, தேனி

முதலில் பதிவுச் சான்று. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி விடுதி நடத்துபவர் மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்று சொன்னால், எப்போது என்று கேளுங்கள். சமையல் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணும் சுவரில் இருக்க வேண்டும்.

பிறகு தப்பிக்கும் வழி. 2024 செப்டம்பரில் பெரியார் பஸ் நிலையம் அருகே கட்ராபாளையத்தில் ஒரு மகளிர் விடுதியில் விடியற்காலை குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்ததில் பெண்கள் இறந்துபோனதை நாம் மறக்கக் கூடாது. பாதுகாப்பு என்ற பெயரில் ஜன்னலுக்கெல்லாம் கம்பி, வாசலுக்கு மடக்குக் கதவு, அதற்கு இரவில் பூட்டு, சாவியோ வார்டன் அறையில். பெற்றோர் மகிழ்கிற இந்த ஏற்பாடு, தீப்பிடித்தால் கூண்டு. மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டரோ குளிர்சாதனப் பெட்டியோ இருந்தால், இருக்கிற ஒரே வழியும் முதலில் புகையால் நிரம்பும். இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா, அதில் பழைய மெத்தைகளை அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். தீயணைப்பான் சிலிண்டரில் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, சீட்டில் தேதி முடிந்துவிட்டதா? இதற்கெல்லாம் பத்து நிமிடம் ஆகாது.

வாடகை குறைவு என்பதற்காக மூன்று பேர் அறையில் ஐந்து கட்டில் போட்டிருக்கும் இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் படித்த காலத்தில் பாயில் படுத்து, கிணற்றில் இறைத்துக் குளித்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொகுசு கேட்கிறதே?
– ஒரு தாத்தா, திருமங்கலம்

கிணறு திறந்தவெளியில் இருந்தது ஐயா. நாற்பது பேருக்கு மூன்று கழிப்பறை, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதை எந்தக் காலத்திலும் எளிமை என்று சொல்ல மாட்டோம். பேத்தியிடம் ஒருமுறை விசாரியுங்கள்.

கேள்வி: அரசு விடுதியில் இருக்கும் என் தம்பி, சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்கிறான். யாரிடம் கேட்பது?
– ஓர் அக்கா, வாடிப்பட்டி

அரசுக் கல்லூரி விடுதி மாணவருக்கான உணவுப்படி மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்திருக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். அதில் விருந்து வராது. ஆனால் வேகாத சோறு வருவதற்கு அந்த ஐம்பதைக் காரணம் காட்ட முடியாது. உணவுப் பட்டியலும் வருகைப் பதிவேடும் பாருங்கள்: ஊருக்குப் போன மாணவர்களின் பெயரிலும் படி எடுக்கப்படுகிறதா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு போட்டுக் கேட்கலாம். முதல்வர் உதவி மையத்தின் 1100 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம்.

கேள்வி: புகார் செய்தால் மகளின் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், பழங்காநத்தம்

பயம் நியாயமானதுதான். அதனால் தனியாகப் போகாதீர்கள். அதே மாடியில் இருக்கும் நான்கைந்து மாணவிகளின் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; கடிதத்தில் கையெழுத்தெல்லாம் பெற்றோருடையதாக இருக்கட்டும், மாணவிகளின் பெயர் எங்கும் வரக் கூடாது. "விடுதி மோசமாக இருக்கிறது" என்று எழுதுவதை விட "இரண்டாம் மாடி, கிழக்குக் கழிப்பறை, ஜூலை முதல் தண்ணீர் தேங்கி நிற்கிறது" என்று எழுதுங்கள். கல்லூரி முதல்வரிடம் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால் ஒப்புகைச் சீட்டோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பிவிடுங்கள். நான் பதவியில் இருந்தபோதும் முத்திரை விழுந்த கடிதம் வந்த அன்றே பிளம்பர் வந்தார்; வாய்ச் சொல்லுக்கு அவர் அடுத்த வாரம்தான் வருவார்.